பறம்பிலிருந்து பெண்ணையாற்றுக்கு

முதல் நாள் – சிங்கம்புணரி, இரவு

காலை ஐந்தேமுக்காலுக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். தோளில் தொங்கிய ஜோல்னாப் பை என்னுடையது அல்ல. ஓரத்தில் மைக்கறை படிந்த அந்தப் பையை, இறந்துபோன என் சிநேகிதனின் மனைவி போன மாதம் என் கையில் கொடுத்தார். "நீங்களே வச்சுக்கங்கண்ணே. ஆணியில தொங்குறதைப் பார்க்கப் பார்க்க..." என்றவர் மேலே பேசவில்லை. உள்ளே புறநானூற்று உரை, ஔவை துரைசாமிப் பிள்ளை எழுதியது, இரண்டு பாகமும். நான் சேர்த்துக்கொண்டது ஒரு தண்ணீர் பாட்டில், மாற்றுத்துணி, அப்புறம் பிளாஸ்டிக் உறையில் 61 போஸ்ட் கார்டுகள்.

கார்டுகள் எல்லாம் அவன் எனக்கு எழுதியவை. நான் தபால் இலாகாவில் இருந்தவன். மாற்றலாகிப் போன ஊருக்கெல்லாம் அவன் கார்டு பின்னாலேயே வந்துவிடும். 15 பைசாக் காலத்தில் தொடங்கினான், 50 பைசா ஆன பிறகும் நிறுத்தவில்லை. கையில் செல்போன் வந்த பின்பும், ஒரு பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் கார்டில்தான் எழுதுவான். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும் என்பான்.

1981-இல் மதுரை சிம்மக்கல்லில் ஓர் அரிசிக்கடை மாடியில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். நான் தபால் இலாகாப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைவிட ஒரு வயது இளையவன், தமிழ் படித்துக்கொண்டிருந்தான். இரவில் மின்சாரம் போனால் மொட்டை மாடிக்குப் போய்ப் பாட்டுச் சொல்லுவான். எனக்குப் பாதி புரியாது. புரியாத பாதியை விளக்கும்போது அவன் கைகள் என்னென்னவோ செய்யும். அந்தக் கைகளை இருட்டில் பார்த்துப் பார்த்துத்தான் நான் தமிழ் கற்றுக்கொண்டேன். பிறகு அவன் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் தமிழாசிரியர் ஆனான். 2023-இல் ஓய்வு பெற்றான். அடுத்த ஆவணியில் போய்விட்டான்.

இந்தப் பயணம் அவன் போட்ட திட்டம். 1991-ஆம் ஆண்டுக் கார்டு ஒன்றில் இருக்கிறது: "பங்காளி, பாரி இறந்த பிறகு கபிலர் பறம்பை விட்டுக் கிளம்பிப் பெண்ணையாற்றங்கரை வரை போனார் அல்லவா? நாமும் அப்படி ஒருதரம் போய்வருவோம். லீவு பார்த்துச் சொல்கிறேன்." அவனுக்கு லீவு கிடைத்தபோது எனக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தபோது அவனுக்கு மகள் பிறந்திருந்தாள். அப்புறம் என் அப்பாவின் நோய், அவன் வீடு கட்டியது, என் மகன் கல்யாணம். ஓய்வு பெற்றதும் முதல் வேலை இதுதான் என்று சொல்லி வைத்திருந்தோம்.

சிங்கம்புணரியில் இறங்கியதுமே தேங்காய் நார் வாசனை. கயிறு திரிக்கும் ஊர் இது. சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் வாசலில் கும்பிட்டுவிட்டு, இட்லி சாப்பிட்டு, பிரான்மலைக்கு டவுன் பஸ் பிடித்தேன். பாரி ஆண்ட பறம்பு என்று பெரும்பாலோர் கொள்வது இந்த மலையைத்தான். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில். பாதாளம், பூமி, கைலாயம் என்று மூன்று அடுக்காகச் சொல்வார்கள். சம்பந்தர் பாடிய தலம். மலை உச்சியில் ஒரு தர்கா இருக்கிறது. நான் ஏறத் தொடங்கியபோது எனக்கு முன்னால் ஒரு குடும்பம் தர்காவுக்கு ஏறிக்கொண்டிருந்தது. பத்து வயதுப் பையன் ஒருவன் நான் நின்று நின்று வருவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.

"பையைக் குடுங்க தாத்தா, நான் தூக்கியாரேன்."

கொடுக்க மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் ஏறிய பிறகு முழங்கால் சொல்லிவிட்டது, கொடுத்தேன். வாங்கியவன் எடையைப் பார்த்து, "உள்ள என்ன, கல்லா?" என்றான். பாட்டுப் புத்தகம் என்றேன். "எந்தப் படத்துப் பாட்டு?" என்று கேட்டான். இந்த மலைமேல் இருந்த ஒருவரைப் பற்றிய பாட்டு என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவன் பையை முன்பக்கம் மாற்றி, இரண்டு கையாலும் அணைத்தபடி ஏறினான். என் சிநேகிதன் உயிரோடிருந்து இதைப் பார்த்திருந்தால் அந்தப் பையனை உச்சியில் உட்கார வைத்துக் கதை முழுவதும் சொல்லாமல் விட்டிருக்க மாட்டான். எனக்கு மூச்சு வாங்கியது. கிளிகள் கதையை மட்டும் சொன்னேன். மூவேந்தர் மலையைச் சுற்றி முற்றுகையிட்டபோது, கபிலர் பழக்கிய கிளிகள் வெளியே பறந்துபோய் நெற்கதிர் கொத்திக்கொண்டு வந்து உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றின என்ற கதை. அகநானூற்றில் நக்கீரர் சொல்லியிருக்கிறார். பையன் வானத்தை அண்ணாந்து பார்த்தான்.

உச்சியை அடைய எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. தர்காவில் ஓதியவர்கள் எனக்கும் சர்க்கரை கொடுத்தார்கள். தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து புறநானூற்றில் 109-ஆம் பாட்டைப் பிரித்தேன். முற்றுகையிட்ட அரசர்களிடம் கபிலர் சொல்வது. உழவர் உழாமலே இந்த மலையில் நான்கு விளையும் என்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். மலை வானம் போன்றது, சுனைகள் வானத்து மீன்கள் போன்றவை. படை கொண்டு வந்தால் கிடைக்காது, யாழெடுத்துப் பாடிக்கொண்டு வாருங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான். அடுத்த பாட்டில் இன்னும் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: பறம்பு நாட்டில் இருந்தது முந்நூறு ஊர். முந்நூறையும் பரிசிலர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது நானும் பாரியும் இந்தக் குன்றும்தான்.

'யாமும் பாரியும் உளமே' என்ற அந்த இடத்தில் அவன் எப்போதும் நிறுத்துவான். "ஒரு நாட்டோட கணக்குல கடைசி மிச்சமா ஒரு சிநேகிதன் நிக்கிறான் பாரு" என்பான். பாரி என்றதும் எல்லாரும் முல்லைக்குத் தேர் கொடுத்ததையே பேசுவதில் அவனுக்கு வருத்தம். "தேர் கொடுத்தது ஒரு நாள் செஞ்ச காரியம்டா. கபிலரைக் கூடவே வச்சுக்கிட்டது ஆயுசு முழுக்கச் செஞ்சது."

பாறைச் சரிவில் ஒரு பள்ளத்தில் நீர் இருந்தது. முகம் கழுவினேன். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அவனுடைய கடைசி ஐந்து வாரங்களில் நான் அவனைப் பார்க்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று எழுத முடியவில்லை.


இரண்டாம் நாள் – விராலிமலை

கொட்டாம்பட்டி போகும் பஸ்ஸில் பின் ஸீட்டைப் பிடித்துக்கொண்டேன். மலையைப் பார்த்தபடி போக வேண்டும் என்பதற்காகத்தான்.

பாரி இறந்த பிறகு, அவன் பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் மலையை விட்டு இறங்குகிறார். 113-ஆம் பாட்டில் மலையைப் பார்த்தே பேசுகிறார். முன்பெல்லாம் கள்ளும் கறியும் சோறும் வேண்டுமளவு தந்து எங்களோடு நட்பாக இருந்தாய். இப்போது பாரி இல்லை. கண்ணில் நீர் வழியத் தொழுதுவிட்டு, இந்தப் பெண்களுக்குத் தகுந்த கணவரைத் தேடிப் போகிறோம். வாழ்க பறம்பே. மலையை நண்பன் என்றே சொல்கிறார்: 'நட்டனை'. அடுத்த பாட்டு சிறியது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்திருக்கிறார். இங்கே நிற்பவர்களுக்கும் தெரியும், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாலும் தெரியும், அவன் குன்று. இவ்வளவுதான் செய்தி. மீதி வரிகளில் அந்த வீட்டு முற்றத்தில் கள் பிழிந்த சக்கை சிதறிக் கிடந்த விதம் வருகிறது, யானை மென்று துப்பிய கவளம் போல.

துக்கத்தில் நமக்கு ஞாபகம் வருவதும் இப்படித்தான். அவன் குணங்கள் எல்லாம் எனக்கு வரிசையாக வருவதில்லை. டீ குடித்து முடித்ததும் டம்ளரைக் கவிழ்த்து வைப்பானே, அந்த ஈர வட்டம்தான் வருகிறது.

நான் எண்ணிப் பார்த்தேன். பஸ் கிளம்பிப் பதினேழு நிமிடம் மலை தெரிந்தது. பிறகு ஒரு புளியமரத் தோப்பு மறைத்தது. தோப்பு முடிந்ததும் மறுபடி தெரிந்தது. அதற்குப் பிறகு இல்லை.

திருச்சி சாலையில் விராலிமலையில் இறங்கி, ஆட்டோ வைத்துக் கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் போனேன். மயில்கள் சத்தமிட்டுக்கொண்டிருந்தன. கபிலர் பாரியின் பெண்களை அழைத்துக்கொண்டு முதலில் விச்சிக்கோனிடம் போனார், பிறகு இருங்கோவேளிடம் போனார். அவர்களை மணந்துகொள்ள அந்த இரண்டு சிற்றரசர்களும் மறுத்துவிட்டார்கள். கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் இருங்கோவேளின் வழியினர் என்று சொல்வதுண்டு. அதனால்தான் அவன் வரைந்த வழிப்படத்தில் இந்த ஊர் இருந்தது. கபிலர் நடந்த தடத்தைக் காலடி காலடியாக யாரும் காட்ட முடியாது என்பது அவனுக்கும் தெரியும்.

கோயில் மிக அழகு. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேளிர் தலைவன் தனக்கும் தன் இரு தேவியர் பெயருக்குமாக மூன்று கோயில்கள் எடுத்தான். இரண்டு முழுசாக நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் இருக்கிறது. புல்வெளியில் நான் அதிக நேரம் நின்றது அந்த அடித்தளத்தின் முன்னால். மூன்று பேருக்கென்று அளந்து கட்டிய இடத்தில் ஒன்று இல்லாமல் போனாலும், மற்ற இரண்டும் அதற்கு இடம் விட்டே நிற்கின்றன.


மூன்றாம் நாள் – திருச்சி, உறையூர்

உறையூர் கபிலர் வழியில் வராது. இது நான் சேர்த்துக்கொண்டது. அவனிடம் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

கோப்பெருஞ்சோழன் இந்த ஊர் அரசன். பெற்ற பிள்ளைகளே எதிர்த்து வந்த வருத்தத்தில் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமலே, உயிர்விட்டான். பிசிராந்தையார் என்றால் எல்லாருக்கும் தெரியும், முகம் பார்க்காமலே நண்பரானவர், பாண்டிய நாட்டிலிருந்து வந்து கூடவே உயிர்விட்டவர். நான் வந்தது அவருக்காக அல்ல. பொத்தியாருக்காக.

பொத்தியார் அரசன் கூடவே இருந்த புலவர். அவரும் உடன் வடக்கிருக்க வந்தபோது அரசன் தடுத்துவிட்டான். உன் மனைவிக்குக் குழந்தை பிறக்கட்டும், பிறகு வா என்று திருப்பி அனுப்பினான். பொத்தியார் அவன் சொல்லைத் தட்டாமல் உறையூருக்குத் திரும்பினார். ஊருக்குள் நுழைந்தபோது பாடியது 220-ஆம் பாட்டு. பல ஆண்டுகள் சோறூட்டி வளர்த்த யானை செத்துப்போனால், அது கட்டியிருந்த தறி வெறுமனே கிடப்பதைப் பார்த்துப் பாகன் அழுவானே, அப்படி இந்த மூதூர் மன்றத்தைப் பார்த்துக் கலங்கினேன் என்கிறார்.

மேலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சு. எங்கள் தறி அது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மதுரையிலிருந்து போவேன், அவன் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருவான். அவன் போன பிறகு ஒரே ஒருதரம் அங்கே போனேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் இரண்டு டீ போட்டுவிட்டார். பழக்கம். போட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. இரண்டையும் நானே குடித்தேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

வெக்காளியம்மன் கோயிலில் கூட்டம். கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் இருக்கும் அம்மன். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றேன். அங்கே நின்றபோதுதான் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அவனுக்குக் கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே பரவியிருந்தது. முதலில் வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி போன் செய்தான். குரல் சன்னமாகிவிட்டிருந்தது. "பங்காளி, இனிமே வராதே. இப்ப இருக்கிற என்னை நீ பார்க்க வேண்டாம். வீட்ல இரு." நான் மறுத்துப் பேசினேன். "நான் சொன்னா கேப்பேல்ல, கேளு" என்றான். 43 வருடத்தில் அவன் என்னிடம் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான். அதனால் போகவில்லை. தினமும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போவேன், திரும்பி வருவேன். ஐந்து வாரம். ஒரு விடியற்காலையில் அவன் தம்பி போன் செய்தார்.

குழந்தை பிறந்த பிறகு பொத்தியார் திரும்பிப் போகிறார். அரசன் இறந்து நடுகல்லாகிவிட்டான். கல்லைப் பார்த்து, என் இடம் எது என்று கேட்கிறார். 'வா' என்று நாள் குறித்துச் சொல்லப்பட்டவர் அவர். எனக்கு அந்த இரண்டாவது பாதி சொல்லப்படவில்லை.


நான்காம் நாள் – உளுந்தூர்ப்பேட்டை வழியாகத் திருக்கோவிலூர்

முழு நாளும் பஸ். பெரம்பலூர் தாண்டியதும் தூங்கிவிட்டேன். உளுந்தூர்ப்பேட்டையில் இறங்கி மாறினேன். வழியெல்லாம் கரும்பு.

பஸ்ஸில் 236-ஆம் பாட்டைப் பிரித்தேன். பெண்களைப் பார்ப்பனரிடம் அடைக்கலமாக ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்தபோது கபிலர் பாடியது என்று அடிக்குறிப்புச் சொல்லும். அந்தப் பக்கத்தில் அவன் பென்சிலால் ஒரு சொல்லுக்கு மட்டும் கோடு போட்டிருக்கிறான்: 'புலந்தனை'. என்னை வெறுத்துவிட்டாய். நேற்று வரை கோட்டை நான் கவனித்ததில்லை. ஆனால் 1997-இல் வந்த கார்டு எனக்கு மனப்பாடம். "பங்காளி, இதை வகுப்பில் கையறுநிலை, அதாவது இறந்தவருக்கான புலம்பல், என்று நடத்திவிட்டு வந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தால் சண்டைப் பாட்டு மாதிரி இருக்கிறது. செத்துப்போனவனைப் பிடித்து நிறுத்திச் சண்டை போடுகிறார் மனுஷன்."

உண்மைதான். நம்முடைய நட்புக்கு நீ பொருந்தவில்லை, பாரி. இத்தனை வருடம் என்னைத் தாங்கிவிட்டு, சேர்ந்து வரவிடாமல், நீ இங்கேயே நில் என்று சொல்லிவிட்டாயே. என்மேல் உனக்கு வெறுப்பு. நானும் உனக்கு ஏற்றவனாக இல்லாமல் போனேன் போலிருக்கிறது. இவ்வளவும் கேட்டுவிட்டு, அப்புறம்தான் வேண்டுகிறார்: இந்தப் பிறவியில் போலவே மறுமையிலும் பிரியாமல் உன்னோடு இருக்க விதி கூட்டட்டும். 'நில்' என்பதற்குப் பாட்டில் இருக்கும் சொல் 'ஒழிக'. அந்தக் காலத்தில் 'தங்கு' என்று பொருள். இந்தக் காலத்துக் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. என் காதில் இரண்டும் சேர்ந்தே கேட்டது.

27 வருடத்துக்கு முன்னால் அந்தக் கார்டு எழுதியவனுக்கு, தானே எனக்குப் பாரியாகி 'வீட்ல இரு' என்று சொல்லப்போவது தெரியாது. சொன்ன அன்று அவனுக்கு இந்தப் பாட்டு நினைவு வந்திருக்குமா? வந்திருக்கும். எதையும் பாட்டில்லாமல் நினைக்கத் தெரியாதவன்.

ராத்திரி அவன் மகளுக்குப் போன் செய்தேன். திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள். நாளை ஞாயிறு, காலையிலேயே வந்துவிடுவதாகச் சொன்னாள். குரலில் ஏனோ ஒட்டுதல் இல்லை.


ஐந்தாம் நாள் – திருக்கோவிலூர்

எட்டரை மணிக்கு அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது நடை அப்படியே அவன் நடை. வலது தோள் கொஞ்சம் தாழ்ந்து. பையைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றுவிட்டாள்.

முதலில் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் போனோம். ஊருக்குள் உலகளந்த பெருமாள் கோபுரம் வானத்துக்கு நிற்கிறது, முதலாழ்வார் மூவர் மழை இரவில் ஓர் இடைகழியில் சந்தித்த தலம். அதைத் திரும்பும்போது பார்க்கலாம் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாரியின் பெண்ணை, இந்தப் பகுதியை ஆண்ட மலையமான் வீட்டில் கொடுத்துவிட்டுக் கபிலர் பெண்ணையாற்றில் உள்ள கல்லில் தீப்புகுந்தார் என்று அது சொல்கிறது. புறநானூற்று அடிக்குறிப்பு வடக்கிருந்தார் என்கிறது. எது சரி என்பதில் அவனும் நானும் பல ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்திருக்கிறோம். அதே கல்வெட்டில் இன்னொருவரும் வருகிறார். இராசராசனைப் பெற்ற வானவன் மாதேவி. மலையமான் குலத்துப் பெண். கணவன் இறந்ததும், பால்குடிக் குழந்தையை விட்டுவிட்டு நெருப்பில் இறங்கியவர். மகள் இதைக் கேட்டுவிட்டு, "அந்தக் குழந்தையை யார் பாத்துக்கிட்டாங்க பெரியப்பா?" என்றாள். பெரிய பாட்டி செம்பியன் மாதேவியும் அக்கா குந்தவையும் வளர்த்தார்கள் என்று சொல்வதைச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுத்து எனக்குப் படிக்க வரவில்லை. அவன் இருந்திருந்தால் விரலை வைத்துத் தடவித் தடவிப் படித்திருப்பான்.

கோயிலிலிருந்து ஆற்றுக்கு நடந்தே போய்விடலாம். பெண்ணையில் பெரும்பாலும் மணல், நடுவில் ஓடையாகக் கொஞ்சம் தண்ணீர். ஆற்றுக்குள் தனியாக நிற்கிறது கபிலர் குன்று. குன்று என்று பெயர், பெரிய பாறை ஒன்று, தலையில் சின்னக் கோயில். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குச் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டபோது இந்த ஆற்றில் பெருவெள்ளம் போனது. வெள்ளம் கொண்டுவந்து போட்ட முள்ளும் துணியும் கரைப் புதர்களில் ஆள் உயரத்துக்கு மேலே இன்னமும் சிக்கிக் கிடந்தன.

பாறை நிழலில் உட்கார்ந்தோம். எனக்கு அழுகை வரவில்லை. அவள்தான் ஆரம்பித்தாள்.

"பெரியப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அப்பாவோட கடைசில நீங்க ஏன் வரவே இல்ல?"

நான் சொன்னேன். போன் வந்த இரவு, அவன் சொன்ன சொற்கள், பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பியது, எல்லாம். அவள் வெகுநேரம் பேசவில்லை.

"எங்க யாருக்கும் தெரியாது. தெனமும் வாசலைப் பாத்துக்கிட்டே கிடந்தாரு. நீங்க வரலைன்னு உங்க மேல எனக்கு அவ்வளவு கோபம். எட்டாம் நாளு காரியத்துக்கு வந்தீங்களே, அப்பக்கூட உங்ககூடப் பேசக் கூடாதுன்னுதான் உள்ளயே இருந்தேன்."

வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தான் என்பது இன்று காலை பத்தரை மணி வரைக்கும் எனக்குத் தெரியாது. வராதே என்று சொன்னவன் வாசலைப் பார்த்திருக்கிறான். நான் சொல்லை மீறிப் போயிருக்க வேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான். இல்லை, உண்மையிலேயே நான் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, மனம் கேட்காமல் வாசலையும் பார்த்திருக்கலாம். ஒரே மனிதனுக்கு இரண்டும் தோன்றும். எதுவாக இருந்தாலும் அவன் பார்த்த வாசலில் நான் இல்லை. அப்போதுதான் அழுதேன். சத்தமாகவே அழுதேன். அவளும் அழுதாள். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு துவைக்கத் தொடங்கினார்.

236-ஐ நான் உரக்கப் படித்தேன். படிக்க ஆரம்பித்தபோது பாட்டாகத்தான் இருந்தது. 'புலந்தனை' என்ற இடத்துக்கு வந்ததும் என் பாரியிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன்டா அப்படிச் சொன்ன. ஏன்டா நான் கேட்டேன். அவள் தடுக்கவில்லை.

பாரியின் பெண்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயர் சொல்கிறோம். புறநானூற்றில் அந்தப் பெயர்கள் இல்லை. பாரி மகளிர் என்றுதான் இருக்கிறது. அவர்கள் பாடியதாக ஒரே ஒரு பாட்டு. போன மாத நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் குன்றும் இல்லை, அப்பாவும் இல்லை. இவ்வளவுதான் மொத்தப் பாட்டும். அவளுக்கு அது தெரியும். சின்ன வயதில் அப்பா தூங்கவைக்கச் சொல்லுவாராம். "அப்ப அது நிலாப் பாட்டுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

மத்தியானம் ஆற்றைக் கடந்து அறகண்டநல்லூர்ப் பாறைக் கோயிலுக்கு ஏறினோம். அங்கிருந்து அண்ணாமலையைப் பார்த்துச் சம்பந்தர் பாடினார் என்பார்கள். மூட்டமாகத்தான் இருந்தது. வடமேற்கில் கைநீட்டி, "உத்துப் பாருங்க பெரியப்பா, லேசா நீலமாத் தெரியுதுல்ல, அங்கதான் என் ரூமு" என்றாள். எனக்குத் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. தெரிகிறது என்றேன். மாசத்துக்கு ஒரு ஞாயிறு வரச் சொன்னாள். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

கார்டுகளை ஆற்றில் விட்டுவிடலாம் என்ற எண்ணத்தில்தான் மதுரையிலிருந்து எடுத்து வந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. உறையை அவள் மடியில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, தேதி பார்த்து, கல்மேல் வரிசையாக அடுக்கினாள். காற்றுக்குப் பறக்காமலிருக்கச் சின்னக் கற்களை மேலே வைத்தாள். 1991 கார்டை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

எடுத்துக்கொள் என்றேன். அதையும், தான் பிறந்த வாரம் அவன் எழுதிய கார்டையும் எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.